செத்த மெஷினுக்கு ஒரு சான்றிதழ்

அவளுக்குச் சோப்பு என்று பேர் வைத்தது அவள் தம்பி. யாருக்கும் சோப்புப் போடத் தெரியாத ஒருத்திக்கு இப்படி ஒரு பேரா என்று தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். காரணம் வேறு. பழைய கம்ப்யூட்டர்களைத் திறந்து பழுது பார்ப்பது அவள் தொழில். அந்தத் தொழிலுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத மூக்கும் வயிறும் அவளுக்கு வாய்த்திருந்தன. பெட்டியைத் திறக்கும் முன் ஒரு முறை, திறந்த பின் ஒரு முறை, மூடிய பின் இரண்டு முறை கை கழுவுவாள். அவள் பையில் திருப்புளிகளுக்கு நடுவே, ஒரு பழைய பவுடர் டப்பாவுக்குள், சோப்புக் கட்டி ஒன்று எப்போதும் இருக்கும்.

மனிதர்களைப் பற்றி அவளுக்கு உயர்ந்த எண்ணம் கிடையாது. "நாலு பேரோட கீபோர்டைக் கவுத்துத் தட்டிப் பாரு, அப்புறம் வந்து மனுஷங்களப் பத்திப் பேசு" என்பாள். நகத் துண்டு, தலைமுடி, பிஸ்கட் தூள், காது குடைந்த குச்சி. ஒரு வக்கீல் ஆபீஸ் கீபோர்டில் முழுப் பல் ஒன்றே கிடந்தது. அது தன்னுடையது என்று அங்கே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பவர் சப்ளைக்குள் காய்ந்து கிடக்கும் பல்லிகளை எண்ணுவதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள். இருபத்தோரு வருஷமாக இதே வேலை. இன்னும் பழகவில்லை. பழகாததில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

இருபத்திரண்டு வயதில் முதன்முதலில் சேர்ந்த சர்வீஸ் கடையைப் பற்றி மட்டும் அவள் அதிகம் பேசமாட்டாள். அந்த முதலாளி நல்ல மதர்போர்டைப் பார்த்தே "போர்டு போச்சு" என்று எழுதச் சொல்வார். எழுதுவாள். ஒரு நாள் டியூஷன் டீச்சர் ஒருத்தி வந்தாள். அவள் மெஷினில் ஒரு ஒயர் மட்டும்தான் தளர்ந்திருந்தது. "உள்ள இருக்கிறதாவது கிடைக்குமா? ஏழு வருஷமா எழுதின நோட்ஸ்" என்று டீச்சர் கேட்டாள். கிடைக்காது என்றார் முதலாளி. அந்த ஹார்ட் டிஸ்க் வேறொரு கஸ்டமருக்குத் தேவைப்பட்டது. டீச்சர் இவள் பக்கம் திரும்பினாள், பெண்ணுக்குப் பெண் உண்மையைச் சொல்வாள் என்பதுபோல. இவள் ஆமாம் என்று தலையாட்டினாள். ஒன்றரை வருஷம் அங்கே வேலை பார்த்தாள், எவ்வளவோ எழுதிக் கொடுத்தாள், எல்லாம் மறந்துவிட்டது. அந்தத் தலையாட்டல் மட்டும் மறக்கவில்லை.

நடுவில் ஒரு கல்யாணம் நடந்து மூன்று வருஷம் நிலைத்தது. கேட்டால், "சில பெட்டியத் திறக்காம இருக்கிறதே நல்லது" என்று முடித்துவிடுவாள். அப்புறம் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தாள். தம்பிக்குக் கடைவீதியில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதில் பாதியைப் பலகை வைத்துத் தடுத்து, இவள் மேசையைப் போட்டுக்கொண்டாள். ஒரு பக்கம் ஜெராக்ஸ் மெஷின் உறுமும். மறு பக்கம் இவள் யாருடைய அழுக்கையாவது திட்டிக்கொண்டே தூரிகையால் தட்டிக்கொண்டிருப்பாள். வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுவது தம்பி வேலை. அக்கா வாயைத் திறந்தால் வியாபாரம் ஓடிவிடும் என்பது அவன் கணக்கு. அது தப்பும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தம்பி பலகைக்கு மேலாகத் தலையை நீட்டினான்.

"அக்கா, டைல்ஸ் கம்பெனியில இருந்து போன். ஒரு பழைய மெஷின் ஸ்டார்ட் ஆகலையாம். போய்ப் பாத்துட்டு ஒரு பேப்பர் எழுதிக் குடுத்துடு."

"என்ன பேப்பர்?"

"சரி பண்ண முடியாது, உள்ள இருக்கிறதையும் எடுக்க முடியாதுன்னு. நம்ம கடை முத்திரையோட."

"பாக்குறதுக்கு முன்னாடியேவா?"

"பாத்துட்டுத்தான் எழுதேன். யாரு வேணாம்னா?" என்றவன் குரலைத் தாழ்த்தினான். "அங்க மொத்தம் இருபத்தெட்டு மெஷின் இருக்குதுக்கா. வருஷ கான்ட்ராக்ட் நமக்குத்தான்னு மேனேஜர் வாய் விட்டே சொல்லிட்டார். வந்து வாய்க்கிறத எட்டி உதைக்காத."

அவன் மனைவி அப்போது சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து வைத்தாள். "அண்ணி, அந்தக் கம்பெனித் தூசி ஆகாது. மூஞ்சிய மூடிக்கிட்டுப் போங்க" என்று தன் துப்பட்டாவையே எடுத்துக் கொடுத்தாள்.

கல்லும் மண்ணும் அரைத்துத் தகடாக்கி, வழவழப்பாகத் தேய்த்து அனுப்பும் தொழிற்சாலை அது. வாசலிலிருந்தே எல்லாம் வெள்ளை. மரத்தின் இலை, காவலாளியின் புருவம், சைக்கிள் சீட்டு, குடிநீர்க் குழாயின் தலை, எல்லாவற்றின் மேலும் மாவு தூவியதுபோல் ஒரு படலம். நடந்தால் செருப்புச் சுவடு பதிந்தது. எச்சில் விழுங்கினால் பல்லில் நறநறத்தது. சோப்பு துப்பட்டாவை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

பர்சனல் மேனேஜரைத் தொழிலாளர்கள் சென்ட்டு என்று கூப்பிடுவார்கள் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. தெரியாமலே காரணம் புரிந்திருக்கும். அவர் வருவதற்கு முன்னால் வாசனை வந்தது. அந்த வாசனைக்கு அடியில் நேற்றைய வியர்வை இருந்தது. பேசிக்கொண்டே மேசையிலிருந்த டப்பாவிலிருந்து ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்து, நிமிர்த்தி, பல் இடுக்கைக் குடைந்தார். குடைந்து முடித்து, கிளிப்பை மறுபடி வளைத்து அதே டப்பாவுக்குள் போட்டார். அங்கிருந்த கோப்புகளில் எத்தனை கிளிப் அந்த வாய்க்குள் போய் வந்தவை என்று யோசித்தவள், பைக்குள் கையை விட்டுப் பவுடர் டப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"மருத்துவ அறையில இருக்குது மேடம். முன்னாடி ஒரு நர்ஸ் இருந்தாங்க, வேலைய விட்டுப் போயிட்டாங்க. எட்டு மாசமா மெஷின் செத்துக் கிடக்குது. வெள்ளிக்கிழமை தொழிலாளர் ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வர்றார். வெளியாள் ஒருத்தர் பாத்து எழுதிக் குடுத்தா நல்லதுன்னு கேட்டிருக்கார். உங்க தம்பிகிட்ட எல்லாம் பேசியாச்சு."

"நான் இன்னும் பாக்கல சார்."

"தாராளமா பாருங்க. செத்த மாட்டை எவ்வளவு நேரம் பாப்பீங்க?" என்று தானே சிரித்துக்கொண்டார்.

மருத்துவ அறைக்கு வெளியே ஒரு பெஞ்ச். அதில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாலீஷ் பிரிவில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர்; அங்கே எல்லாருக்கும் அவர் பாலீஷ்காரர். உடம்பு முடியவில்லை என்று நாலு மாசத்துக்கு முன் நிறுத்திவிட்டார்கள். வருஷா வருஷம் அந்த அறையில் நர்ஸ் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொல்லி, மூச்சின் அளவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைப்பாள். அந்த அளவுகள் கையில் இருந்தால்தான் நோய் இந்த வேலையால் வந்தது என்று அவர் கேட்க முடியும். வாரத்துக்கு இரண்டு நாள் வந்து கேட்பார். கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்பார்கள். போவார், வருவார்.

"சரியாயிடுமா அம்மா?" என்று கேட்டார்.

"திறந்தாத்தான் தெரியும்."

"எனக்கும் இதே கம்ப்ளெய்ன்ட்தான். ஸ்விட்சைப் போட்டா உள்ள ஏதோ சுத்துற மாதிரி சத்தம் வரும், ஆனா வண்டி கிளம்பாது" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. கைக்குட்டையால் வாயைத் துடைத்து, அதைப் பார்க்காமலே மடித்து வைத்துக்கொண்டார். பார்க்காமல் மடித்த அந்தப் பழக்கம்தான் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

சென்ட்டு பூட்டைத் திறந்துவிட்டார். "நான் சாப்பிட்டுட்டு வந்துடறேன். அதுக்குள்ள எழுதி வச்சிடுங்க" என்று சொல்லிப் போனார்.

அறைக்குள் எலி நாற்றம். மூலையில் ஒரு கட்டில், அதன் மேல் கறை படிந்த ரெக்சின். மேசை மேல் மானிட்டர், கீழே சிபியூ பெட்டி, பக்கத்தில் ஒரு பிரின்டர். குழாயடியில் கை கழுவிவிட்டு வந்து வேலையைத் தொடங்கினாள்.

எதையும் முதலில் வெளியிலிருந்து பார்ப்பது அவள் வழக்கம். சுவர்ப் பிளக்கில் டெஸ்டரை வைத்தாள், மின்சாரம் வந்தது. பவர் கார்டை மாற்றிப் பார்த்தாள். பெட்டியின் பட்டனை அழுத்தினாள். முனகல்கூட இல்லை. பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றி இழுத்தாள்.

நாற்றம் முகத்தில் அறைந்தது. கட்டுப் போடும் பஞ்சையும் துணியையும் கடித்துக் கொண்டுவந்து, ஒரு எலி உள்ளே கூடு கட்டியிருந்தது. கூட்டின் நடுவில் எலியும் இருந்தது. செத்து எத்தனை நாளோ, பாதி தோல், பாதி ஈரம். அதன் கீழே கரப்பான் முட்டைகள், கல் தூசியோடு குழைந்து கஞ்சிபோல் காய்ந்த ஏதோ ஒன்று. அவள் வெளியே ஓடி, சுவரோரம் குனிந்து, காலையில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தாள். பாலீஷ்காரர் எழுந்து வந்து தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"விட்டுடுங்கம்மா. இதுக்காக உங்க உடம்பக் கெடுத்துக்காதீங்க."

"வாந்தி எனக்குப் புதுசு இல்ல" என்று வாயைக் கொப்பளித்தாள்.

கையுறை மாட்டி, கூட்டை அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிக் கட்டினாள். தூரிகையால் தூசியைத் தட்டத் தட்டத்தான் அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

பட்டனிலிருந்து வரும் இரண்டு ஒயர்கள் பாதியில் நின்றிருந்தன. எலி கடித்தால் நூல் நூலாகப் பிய்ந்திருக்கும். இவை நேராக, பளிச்சென்று, கத்தரி பட்டவை. எலி கத்தரி பிடிக்காது.

பட்டன் ஒயர் வர வேண்டிய இடத்திலிருந்த இரண்டு ஊசிகளைத் திருப்புளி நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டாள். விசிறி சுற்றியது. அப்படியென்றால் பவர் சப்ளைக்கு உயிர் இருக்கிறது. திரையில் ஒன்றும் வரவில்லை. அடுத்து ரேமைப் பார்க்கக் குனிந்தாள். விரல் நீளத்தில் இரண்டு பட்டைகள் நிற்க வேண்டிய இடம் அது. ரேம் இல்லாமல் எந்தக் கம்ப்யூட்டரும் கண் விழிக்காது. இரண்டு இடமும் காலி. போர்டு முழுக்க விரல் கனத்துக்குத் தூசி. அந்த இரண்டு நீளப் பள்ளங்களில் மட்டும் தூசி இல்லை. பட்டைகள் வருஷக் கணக்காக அங்கே இருந்து, அண்மையில்தான் யாரோ உருவியிருக்கிறார்கள்.

ஹார்ட் டிஸ்கின் ஒயரும் பிடுங்கப்பட்டிருந்தது. டிஸ்கையே எடுத்துவிடவும் யாரோ முயன்றிருக்கிறார்கள். துருப்பிடித்த திருகு அசையவில்லை; அளவு தெரியாத திருப்புளியைப் போட்டுத் திருகி, அதன் தலையை மழுங்கடித்து விட்டுவிட்டார்கள். தகட்டில் வெள்ளைத் தூசியின் மேல் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

சோப்பு கொஞ்ச நேரம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்த எலியைப் பார்த்தபோது குமட்டியது வயிற்றில். இது தொண்டைக்கு வரவில்லை. எங்கேயோ கீழேயே நின்று புழுபோல் நெளிந்தது. தம்பி போனில் சிரித்துப் பேசியிருப்பான். "அக்கா எழுதிக் குடுத்துடுவா சார்" என்று சொல்லியிருப்பான். முன்னொரு காலத்தில் தலையாட்டிய அதே அக்காதானே.

பையிலிருந்து தன் ரேம் பட்டை ஒன்றை எடுத்தாள். அதன் பித்தளைப் பல் வரிசையை அழிரப்பரால் தேய்த்து, துடைத்து, பள்ளத்தில் 'டக்'கென்று உட்காரும்வரை அழுத்தினாள். டிஸ்கின் ஒயரை மாட்டினாள். ஊசிகளை மறுபடி தொட்டாள்.

ஒரு பீப் சத்தம். திரையில் வெள்ளை எழுத்துகள் வந்து நின்றன. உள்ளிருக்கும் பொத்தான் பேட்டரி செத்துப்போனதால் மெஷின் தன் தேதியை மறந்து, எப்போதோ ஒரு வருஷத்தின் ஜனவரி முதல் தேதியில் நின்றது. புது பேட்டரி போட்டு, இன்றைய தேதியையும் நேரத்தையும் சரியாக ஏற்றினாள். இன்னும் இரண்டு நிமிஷம் முக்கி முனகி, கம்ப்யூட்டர் எழுந்தது.

நர்ஸ் ஒழுங்கான பெண்ணாக இருந்திருக்க வேண்டும். ஒரே ஒரு ஃபோல்டர். அதற்குள் ஆளுக்கு ஒரு பக்கம், நூற்று அறுபத்து மூன்று பேர். டோக்கன் நம்பர், பிரிவு, வருஷம், மூச்சின் அளவு. கடைசிக் கட்டத்தில் ஒரு குறிப்பு.

அவள் வாசலுக்கு வந்தாள். "உங்க டோக்கன் நம்பர் என்ன?"

பாலீஷ்காரர் சொன்னார். அவருடைய பக்கத்தைத் திறந்தாள். எண்கள் வருஷத்துக்கு வருஷம் படியில் இறங்குவதுபோல் இறங்கியிருந்தன. கடைசி ஐந்து வருஷமும் குறிப்புக் கட்டத்தில் ஒரே வாசகம்: 'தூசிப் பிரிவிலிருந்து உடனே மாற்றவும். மேனேஜருக்குத் தெரிவிக்கப்பட்டது.' ஐந்து முறை.

"நர்ஸம்மா என்கிட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க" என்றார் அவர், கதவருகே நின்று. "எழுதி அனுப்பிட்டேன், மாத்திடுவாங்கன்னு. நானும் மாத்துவாங்க மாத்துவாங்கன்னு ஊதிக்கிட்டே இருந்தேன்."

இந்தப் பக்கம் இவருடையது. இவருடைய மூச்சு. இதை இவரிடம் கொடுக்க யாரைக் கேட்க வேண்டும்? பிரின்டரின் தூசியைத் துடைத்து, ஒயரை மாட்டி, ஒரு காகிதத்தை விட்டாள். கீறல் கீறலாக, ஆனால் படிக்கிற மாதிரி அச்சானது. கீழே அன்றைய தேதி. பாலீஷ்காரர் வாங்கி, முதலில் தன் பேரைப் படித்தார். அப்புறம் கையை நீட்டி, காகிதத்தைத் தூரத்தில் வைத்து முழுதாகப் பார்த்தார்.

அந்த நேரம் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. முதல் ஷிப்ட்காரர்கள் அந்த வழியாகத்தான் கை கழுவப் போவார்கள். பாலீஷ்காரர் நடைபாதையில் இறங்கி, இருமலுக்கு நடுவே கத்தினார்:

"ஏய், மெஷின் ஓடுதுடா! அவங்கவங்க நம்பரைச் சொல்லி வாங்கிக்குங்க!"

முதலில் யாரும் நம்பவில்லை. ஒருவன் வந்தான், காகிதத்தோடு போனான். அப்புறம் வரிசை நின்றது. புருவம் வரை வெள்ளையான ஆண்களும் பெண்களும், கையில் திறக்காத சாப்பாட்டு டப்பா. நம்பரைச் சொன்னார்கள், அவள் தேடி அச்சிட்டாள். டோக்கன் அட்டையைக் காட்டச் சொல்லித்தான் கொடுத்தாள். அடுத்தவர் பக்கத்தை யாருக்கும் தரவில்லை. பிரின்டர் கிழப் பிரின்டர். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிஷம் எடுத்துக்கொண்டு, நடுவில் காகிதத்தை மென்று துப்பியது.

பையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. அந்த ஃபோல்டர் முழுவதையும் அதில் ஏற்ற ஐந்து நிமிஷம் போதும். அவள் கை ஒரு முறை பைக்குள் போனது. அந்த முதல் கடையைவிட்டு வந்த நாள்முதல் அவள் மீறாத விதி ஒன்று உண்டு: அடுத்தவர் மெஷினிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. கையை வெளியே எடுத்துவிட்டாள்.

பத்தொன்பதாவது பக்கம் வந்துகொண்டிருந்தபோது வாசனை வந்தது. வரிசை தானாகக் கலைந்தது. சென்ட்டு உள்ளே வந்து திரையைப் பார்த்தார். கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் சிரித்தார்.

"பரவாயில்லையே மேடம், செத்தவனையே எழுப்பிட்டீங்க. சரி, பாத்தாச்சு. இப்ப திரும்பச் சாகடிச்சிடுங்க."

"என்ன சொன்னீங்க?"

"இருபத்தெட்டு மெஷின் மேடம். வருஷா வருஷம். தம்பி குடும்பஸ்தன். நீங்களும் தனியா இருக்கிற பொம்பளை." ரொம்ப அக்கறையாகச் சொன்னார். அந்த அக்கறைதான் எலியைவிட நாறியது. "இவங்களுக்கு வீட்டுல அடுப்புப் புகை, பீடிப் புகை, எல்லாம் சேத்து இருமுவாங்க. பழியக் கம்பெனி மேல போடுவாங்க. உங்களுக்கு எதுக்கு இந்த அசிங்கம்?"

"அசிங்கம்தான் என் பொழைப்பு சார். தினமும் பாக்குறேன். ஆனா இந்த மாதிரி பாத்ததில்ல."

சர்வீஸ் புத்தகத்தைத் திறந்தாள். வெள்ளைத் தாள் கஸ்டமருக்கு, நடுவில் கார்பன், அடியில் மஞ்சள் தாள் கடைக்கு. நிதானமாக எழுதினாள்: 'மெஷின் நல்ல நிலையில் உள்ளது. ஸ்விட்ச் ஒயர் கத்தரிக்கப்பட்டிருந்தது. ரேம் இரண்டும் கழற்றப்பட்டிருந்தன. ஹார்ட் டிஸ்க் ஒயர் பிடுங்கப்பட்டிருந்தது. டிஸ்கைக் கழற்ற முயன்ற அடையாளம் உள்ளது. வேறு ரேம், புது பேட்டரி போட்டு ஓடவிடப்பட்டது. தகவல்கள் முழுமையாக உள்ளன.' தேதி, நேரம், கையெழுத்து, முத்திரை.

சென்ட்டு வெள்ளைத் தாளை வாங்கி, படித்து, நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். மஞ்சள் தாள் புத்தகத்தோடு அவள் பைக்குள் போயிருந்தது. ரேமை அவள் கழற்றவில்லை. அது அங்கேயே இருந்தால் மெஷின் வெள்ளிக்கிழமைவரை உயிரோடு இருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது முட்டாள்தனம்.

வாசலில் பாலீஷ்காரரிடம் சொன்னாள்: "என்கிட்ட மஞ்சள் தாள் இருக்குது. அந்த அதிகாரி கேட்டா கடைக்கு வரச் சொல்லுங்க."

அவள் கடைக்குத் திரும்புவதற்குள் தம்பிக்குப் போன் போயிருந்தது. அவன் பலகைக்கு அந்தப் பக்கமே நின்று, "திருப்தியா?" என்று மட்டும் கேட்டான். அப்புறம் நாலு நாள் பேசவில்லை. அவன் மனைவி மட்டும் நடுவில் தபால்காரியாக அலைந்தாள். "அண்ணி, அவர் உப்பு கேக்குறார்." "உப்பு அவன் கைக்கிட்டயே இருக்குதுன்னு சொல்லு."

வெள்ளிக்கிழமை அதிகாரி போனபோது மருத்துவ அறையில் மானிட்டர் மட்டும் இருந்தது. சிபியூவைப் பழைய இரும்போடு தெரியாமல் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பாலீஷ்காரர் தன் காகிதத்தை எடுத்து நீட்டினார். மறுநாள் அதிகாரி கடைக்கு வந்து மஞ்சள் தாளைக் கேட்டார். அன்றைக்குத்தான் தம்பி அதை முதன்முதலாகப் படித்தான். ஜெராக்ஸ் எடுப்பதற்காகக் கண்ணாடி மேல் வைத்தவன், வைத்த இடத்திலேயே குனிந்து இரண்டு முறை படித்தான்.

"அந்த ஆளு என்கிட்ட பழைய மெஷின்னுதானே அக்கா சொன்னான்" என்றான்.

"நீயும் அதுக்கு மேல கேக்கல."

அவன் மூன்று பிரதி எடுத்து, ஓரம் சரிபார்த்து, அதிகாரியிடம் கொடுத்தான்.

விசாரணை ஏழு மாசம் நடந்தது. ஒரு நாள் அவளையும் கூப்பிட்டார்கள். கம்பெனி வக்கீல் கேட்டார்: "நீங்க டாக்டரா?"

"இல்ல. மெக்கானிக்."

"ரேமை யார் கழற்றினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதுக்குக் கால் இல்ல, தானா நடந்து போகல. அது தெரியும்."

பத்தொன்பது காகிதங்களையும் ஏற்றுக்கொண்டார்கள். அதில் பதினாலு பேருக்கு மூச்சின் அளவு ஆபத்தாகக் குறைந்திருந்தது. அவர்களுக்கு வைத்தியமும் இழப்பீடும் கம்பெனி தர வேண்டும், தூசியில்லாத வேலை கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பாலீஷ்காரருக்கு வேலைக்குப் போகிற தெம்பு இல்லை. வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் வேடிக்கை பேசிக்கொண்டிருக்கிறார். சென்ட்டுவைக் கம்பெனி வேறு கிளைக்கு மாற்றியது, பதவி உயர்வோடு. அதைக் கேட்டபோது சோப்பு வாயிலிருந்த டீயைத் துப்பிவிட்டாள்.

உத்தரவு பேப்பரில் வந்த வாரம், கடைக்கு ஒரு பெண் வந்தாள். கல் அறுக்கும் கொட்டகையைக் கூட்டுகிறவள். படியேறி வந்ததற்கே மூச்சு வாங்கியது. தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அம்மா, என் பேப்பர் உங்ககிட்ட இருக்குதா? பதினோரு வருஷம் ஊதியிருக்கேன்."

"இல்லம்மா. அன்னிக்கு வந்தவங்களுக்கு மட்டும்தான் எடுத்தேன்."

"நான் ரெண்டாவது ஷிப்ட். அன்னிக்கு மத்தியானம் வீட்டுல தூங்கிக்கிட்டிருந்தேன்." தப்புத் தன்மேல்தான் என்பதுபோல் சொன்னாள்.

சோப்பு பொய் சொல்லியிருக்கலாம். "எல்லாத்தையும் எடுக்க எனக்கு வசதி இருந்ததும்மா. நான் எடுக்கல. அடுத்தவங்க மெஷின்ல கை வைக்கிறது தப்புன்னு விட்டுட்டேன்" என்றாள்.

அந்தப் பெண் அதை மனசுக்குள் ஒரு முறை திருப்பிப் பார்த்தாள். கோபமே இல்லாமல், "அவங்க வச்சாங்களேம்மா" என்றாள்.

நூற்று அறுபத்து மூன்றில் பத்தொன்பது போக நூற்று நாற்பத்து நாலு. அந்த விதியை நினைத்தால் அவளுக்கு இப்போது குமட்டுகிறது. இருபது வருஷமாகப் பத்தினிபோல் காத்துவந்த விதி, கடைசியில் சென்ட்டுக்குத்தான் உதவியது. எழுதிக் கொடுக்காமலே அவர் கேட்டதில் முக்கால்வாசியை அவள் செய்து முடித்திருக்கிறாள்.

மறுநாள் காலை மேசையை மூடிவிட்டு, அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றார்கள். உள்ளே ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். அந்தப் பெண் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மூன்று முறை ஊதினாள். டாக்டர் வந்த எண்ணைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ரொம்பக் கம்மியா இருக்குதே. முன்னாடி எவ்வளவு இருந்தது?"

அந்தப் பெண் சோப்பைப் பார்த்தாள். சோப்பு தரையைப் பார்த்தாள். டாக்டர் பேனாவோடு காத்திருந்துவிட்டு, அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.